வேலியும் அனுமதியும்: ஓர் அறவியல் நோக்கு

தன் காணியைத் தான் அடைத்துக்கொள்ள விரும்பும் ஒருவன் அதற்குப் பிறரிடம் அனுமதி பெறவேண்டுமா என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரு கந்தோர் விவகாரமாகவே தோன்றும். விண்ணப்பம், கட்டணம், வரைபடம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பார்வையிடல், ஈற்றில் ஒரு கையொப்பம் என அது முடிந்துவிடுகிறது. மெய்யியலார் சிந்திப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவரும் உளர். ஆயினும், உடைமை என்றால் என்ன, அயலார் என்போர் யார், ஒருவனுடைய உரிமை எவ்விடத்தில் முடிந்து மற்றவனுடைய உரிமை எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் பெருவினாக்கள் எல்லாம் மனிதருடைய அன்றாட வாழ்விற் கண்ணுக்குப் புலப்படும் உருவம் எடுப்பது வேலியிலேயேயாம். யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஒரு முழ நிலத்துக்காக இரு முழு வளவுகளின் பெறுமதியை வழக்குச் செலவாக்கிய குடும்பங்கள் இங்கு ஊர்தோறும் பேசப்படுகின்றன.

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய எழுவைதீவு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் ஹோர்ன் என்று அழைத்த இத்தீவு, ஏறக்குறைய 1.4 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. அனலைதீவுக்கு வடக்கே, பனைகளும் மீன்பிடிப் படகுகளும் சிறு தோட்டங்களுமாகக் கிடக்கும் நிலம். நாற்புறமும் கடலே வேலியாக அமைந்த ஓர் இடத்தில் மனிதர் மேலும் வேலி கட்டுவது ஏன் என வெளியூரவர் நகைக்கக்கூடும். ஆனால் நிலம் சிறிதாகுந்தோறும் எல்லையின் பொருள் பெரிதாகும். பரந்த வன்னிக் காட்டில் ஒரு முழம் பிசகினால் எவரும் கேளார். தீவில் ஒரு சாண் பிசகினால் இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும்.

தீவுப் பகுதிகளிலும் குடாநாட்டிலும் வழங்கிய பழைய வேலியின் இயல்பை முதற்கண் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நடுவர். அவை வேர்கொண்டு தழைக்கும். ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தரும். கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுத் தடி கட்டி, பனையோலையையோ கிடுகையோ மட்டையையோ சார்த்தி அடைப்பர். அடைக்கும் முறையே ஈண்டுக் கவனத்துக்குரியது. நீண்ட குத்தூசியிற் கயிற்றைக் கோத்து ஒருவர் இப்புறத்திலிருந்து செலுத்த, அப்புறத்தில் நிற்பவர் அதனை வாங்கி வரிச்சைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். ஒருபுறம் மாத்திரம் ஆள் நின்றால் வேலி கட்ட முடியாது. அப்புறம் நிற்பவர் பெரும்பாலும் கூலியாளாகவோ வீட்டுப் பிள்ளையாகவோ இருப்பார். எனினும் அவர் நிற்கும் நிலம் அயலவனுடையது. அவனுடைய வளவுக்குள் இறங்கி நின்று வேலையை முடிக்க அவனுடைய இசைவு வேண்டும். பகை முற்றிய வீடுகளில் வேலியடைப்பு நாளே சண்டை நாளாவதும் இக்காரணம் பற்றியே.

இன்னொன்றும் உண்டு. ஓலை நிலையற்றது. மழையில் உக்கும், கறையான் தின்னும், காற்றிற் பறக்கும். ஆகவே ஓரிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வேலி மறுபடியும் அடைக்கப்பட்டது; உக்கிய ஓலை தோட்டத்து மண்ணுக்குள் உரமாகச் சென்றது. இவ்வழக்கத்தின் பொருளாதாரப் பயனைப் பலர் எழுதியுள்ளனர். அதன் அறவியற் பயனோ அத்துணை பேசப்பட்டதில்லை. வேலி புதுக்கப்படும்போதெல்லாம் எல்லையும் புதுக்கப்பட்டது. போன முறை கதியால் எங்கே நின்றது, இம்முறை எங்கே நிற்கிறது என்பதை இரு வீட்டாரும் பார்த்தனர், முணுமுணுத்தனர், இணங்கினர், அல்லது இணங்காது விதானையாரிடம் சென்றனர். 'வேலி அரக்குதல்' என்று யாழ்ப்பாணத்தவர் சொல்லும் களவு, ஆண்டுக்கு நாலு விரல் என நடந்தேறியதும் இந்தப் புதுப்பித்தலின்போதுதான். ஆனால் அக்களவைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கான வாய்ப்பும் அதே புதுப்பித்தலில் இருந்தது. அயலாரின் சம்மதம் ஒருமுறை பெற்று முடிந்துவிடும் பொருளாக இருக்கவில்லை. ஓலையோடு சேர்ந்து அதுவும் பழுதடைந்தது, மீண்டும் கட்டப்பட்டது.

வேலியில் 'பொட்டு' ஒன்று விடும் வழக்கமும் இதனோடு இயைந்தது. இரு வளவுகளுக்கிடையே ஒருவர் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி அது. நெருப்பெடுக்க, உப்புக் கேட்க, பிள்ளைப்பேற்றுக்கு உதவியழைக்க, முக்கியமாகத் தண்ணீர் அள்ளப் பெண்கள் அதனூடே சென்றுவந்தனர். தீவுகளில் நன்னீர்க் கிணறு எல்லா வளவிலும் அமையாது. ஒரு கிணறு பல குடும்பங்களுக்குப் பங்காகும். காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் சேர்த்தெழுதப்படுவது இதனாலேயே. வேலி என்பது அடைப்பு மாத்திரமன்று, எங்கே அடைக்கலாகாது என்பது பற்றிய உடன்பாடுமாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சீமெந்து மதில் இவையனைத்தையும் மாற்றிவிட்டது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டின் மீதிருந்த பொருளாதாரத் தடையிற் சீமெந்தும் அடங்கியிருந்தமையால் அக்காலத்தில் ஓலை வேலியே மேலும் நிலைத்தது. 2009 இன் பின்னர் பாதை திறந்தது, வெளிநாட்டுப் பணமும் வந்தது, மதில்கள் எழுந்தன. மதிலைக் குற்றஞ் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பனையோலைக்கு ஆள் கிடையாத காலத்தில், கூலி ஏறிய காலத்தில், முதியவர் இருவர் தனித்து வாழும் வீட்டில் மதில் ஓர் ஆறுதல். நெடுந்தீவார் பன்னெடுங்காலமாகவே முருகைக்கல்லை அடுக்கி எல்லை அமைத்தவர்கள். கல் தமிழருக்குப் புதியதன்று. ஆனால் அடுக்கிய கல்லைப் பெயர்த்து மறுபடி அடுக்கலாம். சாந்திட்டுப் பூசிய சுவர் அத்தகையதன்று. அதனை ஒருபுறத்தில் நின்றே கட்டி முடிக்கலாம். ஒருமுறை கட்டினால் ஐம்பது ஆண்டுகளுக்கு எவரும் எல்லையைப் பற்றிப் பேசவேண்டிய வேளை வாராது. முன்னர் ஓலை உக்குந்தோறும் கேட்கப்பட்ட சம்மதம் இப்போது ஒரே ஒருநாளிற் கேட்கப்படுகிறது, அல்லது கேட்கப்படாமலே விடப்படுகிறது. உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி என்பதன் அறவியல் அடிப்படையை இவ்விடத்திலேயே தேடவேண்டும். அயலார் மீண்டும் மீண்டும் அளித்துவந்த இசைவு இல்லாதொழிந்தபோது அதன் இடத்தை நிரப்ப வந்த ஒரு பொது ஏற்பாடே அனுமதி. அங்ஙனமாயின், தான் எதன் இடத்தை நிரப்ப வந்ததோ அதன் பண்பில் ஒரு பங்காவது அதற்கு இருத்தல் வேண்டும்.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் போதும். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தளித்து, 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் சட்ட வலுவளித்த தேசவழமையில் அயற்காணிக்குள் சாயும் மரம் பற்றிய விதி உண்டு. உழைத்து நட்டு வளர்த்த மரம் சாய்ந்தாலும் அதன் பயன் நட்டவனுக்கே. புளி, இலுப்பை போலத் தானாக வளர்ந்த மரத்தின் கிளை அயலான் நிலத்தின் மேல் நீண்டால் அக்கிளையின் பயன் அயலானுக்கு. எல்லைக்கோடு ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என அக்காலத்தார் கருதவில்லை. எதன்மீது எவனுடைய உழைப்பு இருக்கிறது என்பதையும் பார்த்தனர். இன்றைய வரைபடக் கண்ணுக்கு இது குழப்பமாகத் தோன்றலாம். உண்மையில் இது நுட்பம். பின்னர் 1871 இன் கிராமச் சங்கச் சட்டம் எல்லை, வேலி, மேய்ச்சல் நிலம் ஆகியன பற்றி விதி செய்யும் அதிகாரத்தை ஊராரிடமே விட்டது. 1915 இன் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டமும் 1978 இன் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் கட்டடம் பற்றிய அனுமதியை வரைபடத்தோடும் வீதிக்கோட்டோடும் பிணைத்தன. 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. ஊராரின் விதி என்பது படிப்படியாக அலுவலரின் விதியாயிற்று எனலாம்.

இந்த மாற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மதிலுக்கு அனுமதி வழங்கும் சபை, அந்த நிலம் யாருடையது என்பதைத் தீர்ப்பதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. சபை பார்ப்பது வீதியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், முடக்கில் வாகனம் வருவது தெரியுமா என்பன போன்றவற்றையே. ஆனால் ஊரில் அது அவ்வாறு விளங்கப்படுவதில்லை. 'சபையே அனுமதி தந்துவிட்டது' என்று ஒருவன் சொல்லும்போது, எல்லையும் தன்பக்கமே தீர்ந்துவிட்டது என்னும் தொனியிலேயே சொல்கிறான்; கேட்பவனும் அங்ஙனமே அஞ்சுகிறான். அலுவலர் தாம் சிறிய ஒன்றைத் தீர்த்ததாக எண்ணுகிறார். ஊரோ அவர் பெரிய ஒன்றைத் தீர்த்ததாக எண்ணுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் எளியவனுடைய உரிமை நழுவிப்போகிறது. கையொப்பமிட்டவர் அதற்குப் பொறுப்பாளர் அல்லர் என்று சட்டம் சொல்லும். அறமும் அங்ஙனம் சொல்லுமா என்பது வேறு வினா.

மேலை மெய்யியலார் இவ்விடயத்திற் கூறியவற்றுள் ஜோன் லொக்கின் கருத்து நன்கறியப்பட்டது. 1689 இல் வெளிவந்த நூலில் அவர் உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என வாதித்தார். பிறருக்கும் போதுமானதும் நல்லதுமான நிலம் எஞ்சியிருக்கவேண்டும் என்னும் நிபந்தனையையும் வைத்தார். எழுவைதீவு போன்ற ஒரு தீவில் அந்நிபந்தனை எக்காலத்திலும் நிறைவேறாது. எனவே லொக்கை நெடுநேரம் பின்தொடர்வதாற் பயனில்லை. 1755 இல் எழுதிய ரூசோ, முதன்முதலில் நிலத்தை அடைத்தவனையும் அவன் சொல்லை நம்பிய எளிய மக்களையும் சேர்த்தே குற்றஞ்சாட்டினார். கேட்பதற்கு இனிமையான வாதமே. ஆனால் இருபது ஆண்டு வேலியின்றி வாழ்ந்தவளிடம் அதனைச் சொல்லமுடியாது. அவளைப் பற்றிப் பின்னர்.

1797 இல் இமானுவேல் கான்ற் எடுத்துரைத்த கருத்தே இங்கு மிகப் பொருந்துவது. ஒரு பொருளை 'என்னுடையது' என்று ஒருவன் சொல்லும்போது, உலகிலுள்ள மற்றெல்லார் மீதும் அதனைத் தொடாதிருக்கும் கடமை ஒன்றைச் சுமத்துகிறான். ஆனால் தன் தனி விருப்பத்தால் பிறர் மீது கடமை சுமத்த எவனுக்கும் உரிமை இல்லை. ஆதலால் எல்லாரையும் உள்ளடக்கிய ஒரு பொதுச் சட்டநிலை ஏற்படும்வரை எந்த உடைமையும் தற்காலிகமானதே என்பது அவர் முடிவு. இதனை வேலிக்குப் பொருத்திப் பார்த்தால், அனுமதி கேட்பது உடைமையாளனின் உரிமையைக் குறைப்பதன்று. அவனுடைய தனிவிருப்பத்தை உரிமையாக உயர்த்துவதே அனுமதி என்றாகிறது. நல்லது. ஆயினும் கான்றின் வாதம் ஓர் எச்சரிக்கையையும் தன்னுள் கொண்டுள்ளது. பொது இசைவு என்னும் பெயரில் வழங்கப்படும் ஒன்று உண்மையில் எல்லாரையும் உள்ளடக்காவிடின், அது அதே பழைய தனிவிருப்பம். முத்திரை மாத்திரமே புதிது.

அத்தகைய முத்திரையிட்ட தனிவிருப்பத்துக்கு உலகில் எடுத்துக்காட்டுகள் பல. இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரின் வடபுறத்தே கட்டெஸ்லோ என்னுமிடத்தில் 1934 இல் நிகழ்ந்தது அவற்றுள் ஒன்று. நகரசபை எளியோருக்கெனக் கட்டிய வீட்டுத்திட்டம் ஒருபுறம். தனியார் கம்பனி விற்பனைக்கெனக் கட்டிய வீடுகள் மறுபுறம். சபை வீடுகளில் வாழ்வோரோடு ஒரே தெருவில் இருப்பதைத் தம் வாடிக்கையாளர் விரும்பார் எனக் கருதிய கம்பனி, தெருவுக்குக் குறுக்கே இரண்டு மதில்களை எழுப்பி, உச்சியில் இரும்பு முட்களையும் பதித்தது. இவ்வளவுக்கும் இருபுறத்தாரும் ஒரே நிறத்தவர், ஒரே மொழியினர், ஒரே சமயத்தினர். சபை வீட்டாரின் பிள்ளைகள் பிரதான வீதிக்கும் கடைக்கும் வெகுதூரம் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. 1938 இல் நகரசபை மதில்களை இடித்தது. நீதிமன்றம் சபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மதில்கள் மறுபடி எழுந்தன. அவை நின்ற நிலக்கீற்றைச் சபை விலைகொடுத்து வாங்கிய பின்னரே, 1959 மார்ச் மாதத்தில் அவை நிரந்தரமாக வீழ்ந்தன. கால் நூற்றாண்டு. ஒரு பிள்ளை பிறந்து, சுற்றுவழியே பள்ளிக்கு நடந்து, வளர்ந்து, மணமுடிக்கும் காலம் அது. சபை நல்லெண்ணத்தோடுதான் இடித்தது. ஆனால் உரிய வழியில் இடிக்கவில்லை. நீதிமன்றம் உரிய வழியிலேயே தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு அநீதியை மீட்டுக் கட்டியது. அனுமதி என்னும் படியிலே கேட்கப்படாத கேள்வியைப் பின்னர் எழுப்புவது எத்துணைக் கடினம் என்பதற்கு இவ்வரலாறு போதும்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. டிற்றொயிற் நகரில் 1941 இல் வெள்ளையருக்கென வீட்டுத்திட்டம் அமைக்க முயன்றவருக்கு, அருகே கறுப்பின மக்கள் வாழ்ந்தமையாற் கூட்டாட்சி அரசின் கடனுறுதி கிடைக்கவில்லை. அரை மைல் நீளமும் ஏறக்குறைய ஆறடி உயரமும் கொண்ட சுவரொன்றை அவர் இடையே கட்டினார், கடனுறுதி கிடைத்தது. இங்கு மதிலுக்கு அனுமதி தேவைப்பட்டது என்பதினும், அனுமதிக்கு மதில் தேவைப்பட்டது என்பதே பொருந்தும். இதற்கு நேரெதிராக, நியூயோர்க் அருகே 1947 இல் தொடங்கிய லெவிற்றவுண் குடியேற்றத்தில் வேலியே கட்டலாகாது என உறுதிப்பத்திரங்களில் விதிக்கப்பட்டது. திறந்த புற்றரை, ஒரே வீடு, ஒரே தோற்றம். சமத்துவத்தின் படம்போலவே இருந்தது. ஆனால் வெள்ளையர் அல்லாதார் அங்கு குடியிருக்கலாகாது என்பதும் அதே கம்பனியின் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது. ஊருக்குள் வேலி இல்லாமைக்குக் காரணம், வேலி முழுவதும் ஊரின் வாசலில் நின்றமையே. வேலியற்ற வாழ்வை உயர்ந்ததெனப் போற்றுவோர் லெவிற்றவுணை ஒருமுறை நினைத்துக்கொள்ளவேண்டும்.

தமிழர் இவற்றைப் பிறநாட்டார் இழிவு என்று தள்ளிவிடுதல் இயலாது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989 இல் எழுந்த சுவர், தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுவழியைப் பயன்படுத்தாதவாறு ஊரைப் பிளந்து நின்றது. மாவட்ட நிருவாகம் 2008 மே 6 இல் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அச்சுவர் எல்லார் கண்முன்னும் நின்றது. அனுமதி வழங்காமலே அனுமதித்துக்கொண்டிருத்தல் என்றொன்று உண்டு. உள்ளூராட்சியின் பாவங்களுள் அதுவே பெரிது. யாழ்ப்பாணத்திலும் 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து பல்லாண்டு கழிந்த பின்னரும், கோயில் வாசலில், கிணற்றடியில், தேநீர்க்கடையில் கட்டப்படாத வேலிகள் நின்றன. 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்ததை இம்மண் மறக்கலாகாது. கண்ணுக்குத் தெரியும் வேலியை ஒழுங்குபடுத்த வந்த சபைகள், தெரியாத வேலிகளைப் பற்றிப் பேசியது மிக அரிது.

இனி, முன்னர் விட்டுச்சென்ற பெண்ணிடம் வருவோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் கால் நூற்றாண்டுக் காலம் நலன்புரி நிலையங்கள் என அழைக்கப்பட்ட முகாம்களில் வாழ்ந்தனர். அங்கே ஒரு குடிசைக்கும் மறு குடிசைக்கும் இடையே தகரமோ தறப்பாளோ மாத்திரமே. ஒரு வீட்டுப் பேச்சு பத்து வீட்டுக்குக் கேட்கும். குளிப்பதும் உடைமாற்றுவதும் நோயுற்றுக் கிடப்பதும் அழுவதும் பிறர் பார்வையிலேயே நிகழ்ந்தன. 2016 இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்னும் வீட்டுத்திட்டம் அமைக்கப்பட்டு அவர்களிற் சிலர் அங்கு குடியமர்த்தப்பட்டனர். பல பரப்பு வளவில் வாழ்ந்தவர்களுக்குச் சிறுசிறு துண்டுக் காணிகள், வரிசை வரிசையாக ஒரே வகை வீடுகள். இத்தகைய திட்டங்களில், வரைந்தவர் மனத்தில் வீடு என்பது நான்கு சுவரும் கூரையும். வாழ்பவள் மனத்திலோ வீடு படலையிலிருந்து தொடங்குகிறது. கிணற்றடியும் மலசலகூடமும் அடுப்படியின் பின்புறமும் மறைவுபெறாதவரை அது அவளுக்கு வீடாகாது. ஓலையோ தகரமோ கிடைத்ததைக் கொண்டு அவள் கட்டும் மறைப்பை ஒழுங்கற்றது, திட்டத்தின் அழகைக் கெடுப்பது என்று ஓர் அலுவலர் சொல்வாராயின், அவர் ஒழுங்கு என்பதன் பொருளையே தலைகீழாகக் கொண்டவராவார். ஒருவர் தம்மைப் பிறர் பார்வையிலிருந்து சற்றுநேரமேனும் மீட்டுக்கொள்ளுதல் செல்வருக்குரிய ஆடம்பரமன்று. அது மனித மாண்பின் ஒரு கூறு. ரூசோவின் கண்டனம் இங்கு செல்லாது.

இம்மக்கள் தம் சிறு வேலிக்கு விண்ணப்பித்து நிற்கும் நாட்டில், அனுமதி கேளாமலே எழுந்த ஒரு பெருவேலியும் உண்டு. உயர்பாதுகாப்பு வலயம் என்னும் பெயரால் வலிகாமம் வடக்கின் நிலத்தைச் சூழ்ந்த முட்கம்பிக்கு எந்தப் பிரதேச சபை வீதிக்கோடு பார்த்தது? 2013 ஏப்பிரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது உரிமையாளர் பலர் அந்நிலத்தைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயலாதவராக இருந்தனர். 2015 முதல் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது, முழுதும் விடுவிக்கப்படவில்லை. விடுவிக்கப்பட்ட இடங்களுக்குத் திரும்பியோர் பலர் தம் வளவு எது என்று அறிய முடியாது நின்றனர். கதியாலும் இல்லை, கிணறும் தூர்ந்தது, ஒழுங்கையும் மறைந்தது. சட்டம் எளியவனுக்கும் வலியவனுக்கும் ஒரே அளவுகோலை நீட்டாதபோது, எளியவன் அனுமதி பெறும் கடமையிலிருந்து விடுபடுகிறானா? இல்லை என்றே கூறவேண்டும். அவனுடைய அயலானும் எளியவனே. அந்த அயலானுக்கு அவன் கடமைப்பட்டவன். ஆனால் அனுமதி கேட்கும் ஆட்சி, அவனிடம் அறம் பேசும் தகுதியைப் பெரிதும் இழந்துவிட்டது.

தீவகத்தில் இச்சிக்கல் வேறோர் உருவெடுக்கிறது. அங்கே பல வளவுகளின் உரிமையாளர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழ்கின்றனர். வேலி என்பது இடத்தில் மாத்திரமன்றிக் காலத்திலும் போடப்படும் கோடு. 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி பத்தாண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டவனுக்கு நிலம் உரியதாகக்கூடும். அதற்கு வேலியே முதற்சான்று. போரால் வெளியேறியவர்களின் உரிமை இவ்வாறு அழிந்துவிடாதிருக்க 2016 இல் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நியாயமான சட்டமே. ஆயினும் இங்கே இருவகை இல்லாமை ஒன்றோடொன்று மோதுகிறது: ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தவனின் இல்லாமையும், ஊரிலேயே இருந்தும் பணமும் பத்திரமும் இல்லாதவளின் இல்லாமையும். முதலாவதற்குச் சட்டம் குரல் கொடுத்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே கொள்வோம். எழுவைதீவில் ஒரு கைம்பெண். அவளுடைய வளவில் உவர்க்கிணறு. மேற்கேயுள்ள அயல் வளவின் நன்னீர்க் கிணற்றில் அவளுடைய மாமியார் காலந்தொட்டு அள்ளிவருகிறாள். வேலியிற் பொட்டு இருக்கிறது. உறுதியிற் கிணற்றுப் பங்கு எழுதப்பட்டதா என்பது தெரியாது, உறுதியே இடப்பெயர்விற் போயிற்று. அயல் வளவின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, கட்டாக்காலி ஆடுமாடும் அந்நியரும் புகாதவாறு சுற்றுமதில் கட்ட விண்ணப்பிக்கின்றனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தப் பொட்டு இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. வரைபடம் ஒழுங்காயிருக்கிறது. வீதிக்கோடு மீறப்படவில்லை. கோப்பு மேசைக்கு வருகிறது.

சபை இங்கே என்ன செய்யவேண்டும்? விதிப்படி அனுமதியை மறுக்கக் காரணம் இல்லை. மதில் கட்டுவோருக்கும் நியாயம் உண்டு. ஆனால் மேலே கூறியவாறு அனுமதி என்பது அயலாரின் இசைவுக்கு ஈடாக வந்ததாயின், அயலாளைக் கேளாமல் வழங்கப்படும் அனுமதி தன் பெயருக்கே உரியதன்று. அவளைக் கேட்பது என்பது அவளுக்கு மறுப்பாணை அளிப்பதன்று. அவள் வாயால் அவளுடைய நிலையைச் சொல்லவைத்து, அதனைக் கோப்பில் எழுதி, விண்ணப்பித்தவர் அதற்கு மறுமொழி கூறச்செய்தல். அறிவித்தலைச் சபைக் கந்தோரின் பலகையில் ஒட்டிவிட்டால் அது நிறைவேறிவிடாது. பலகை ஊர்காவற்றுறையில், அவள் கடலுக்கு அப்பால். ஓர் உத்தியோகத்தர் படகேறி வந்து, நாடாவை விரித்து நிலத்தை அளக்கும்போதே இருபக்கமும் நின்று பார்த்து, இந்தப் பொட்டு எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பழைய வேலியடைப்பில் அப்புறம் ஓர் ஆள் நின்றாரல்லவா, அந்த ஆளின் இடம் இப்போது அவருடையது.

இதற்கு மறுப்பாக, அலுவலருக்கு நேரமில்லை, ஒவ்வொரு மதிலுக்கும் ஊர் விசாரணை வைத்தால் வேலை நடவாது என்பர். பாதி உண்மை. நேரம் குறைவாயுள்ள இடத்தில் எதற்கு நேரம் ஒதுக்குவது என்பதே ஆட்சியின் அறம் வெளிப்படும் இடம். நகரச் சந்தியில் இரு கடைகளுக்கிடையே எழும் மதிலுக்கும், தண்ணீர்வழியை அடைக்கும் மதிலுக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது சமத்துவம் ஆகாது. இவ்விடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின் பணியும் வருகிறது. வட்டாரத்துக்கு ஒருவர் என மக்கள் அனுப்பும் உறுப்பினர் அறிந்திருப்பதைக் கோப்பு அறியாது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 இன் தேர்தல்வரை நாட்டின் சபைகள் பெரும்பாலும் செயலாளரின் கையிலேயே இருந்தன. அக்காலத்தும் அனுமதிகள் வழங்கப்பட்டன. செயலாளர்கள் நேர்மையானவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் அப்பெண் தன் வட்டாரத்தவர் என்று உரிமையோடு வழிமறித்துக் கேட்கக்கூடிய ஒருவர் அவ்விரண்டு ஆண்டுகளும் சபையில் இருக்கவில்லை.

சபை அவளைக் கேட்டது என்றே கொள்வோம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளும் இரங்கி, மேற்கு மதிலில் மூன்றடி அகலமான ஒரு சிறு படலை வைக்க உடன்படுகின்றனர். அனுமதி அந்நிபந்தனையோடு வழங்கப்படுகிறது. அதன்பின்னும் ஒன்று எஞ்சுகிறது. அப்படலையின் திறப்பு யாரிடம் இருக்கும்? வளவு நாளை விற்கப்பட்டால், வாங்குபவன் சபையின் பழைய கோப்பைத் தேடிப் படிக்கப்போவதில்லை. அவன் படிப்பது உறுதியை. ஆகவே நிபந்தனை கோப்பிலே கிடந்தாற் போதாது. கிணற்றுப் பங்காகவும் வழியாகவும் நொத்தாரிசின் கையால் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்திற் பதியப்படவேண்டும். அதற்குரிய செலவைக் கைம்பெண் தாங்கமாட்டாள். மதிலுக்குப் பணம் அனுப்பியவர்கள் அதனையும் அனுப்பவேண்டும் என்று சபை கேட்பது அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம்; தவிசாளர் தொலைபேசியில் அவர்களை அழைத்து, ஊரவராக நின்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையன்று.